என் பான் எண்ணில் வேறு யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள், எண்ணை மாற்ற முடியுமா?

குழப்பவாதி:
சிபில் ரிப்போர்ட்டில் (கடன் வரலாற்று அறிக்கை) நான் விண்ணப்பிக்கவே இல்லாத பர்சனல் லோன் ஒன்று இருக்கிறது. ₹38,000, 90 நாளுக்கு மேல் நிலுவை. பெயரும் பிறந்த தேதியும் தெரிந்தால் பான் எண்ணைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாமா? இதை ஒப்படைத்துவிட்டுப் புது எண் வாங்கினால் தொல்லை தீருமா?

கணக்குப்பிள்ளை:
புது எண் வாங்கப் பார்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு பான்தான். இரண்டு இருந்தால் ₹10,000 வரை அபராதம் வரும்.

பான் எண்ணில் பிறந்த தேதி எங்குமே கிடையாது. முதல் மூன்று எழுத்துகள் வரிசையில் ஓடுபவை. நான்காவது எழுத்து ஆள் வகை: தனிநபருக்கு 'பி', கம்பெனிக்கு 'சி', டிரஸ்டுக்கு 'டி'. ஐந்தாவது, சர்நேமின் முதல் எழுத்து. நம்மில் பலர் இனிஷியலை விரித்து அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் நிரப்பியிருப்போம், அதனால் அது அப்பாவின் எழுத்தாக இருக்கும். பிறகு 0001 முதல் 9999 வரை நான்கு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை எழுத்து. ஆக, பெயரை வைத்து ஊகிக்க முடிவது இரண்டு இடம்தான். ஆதாரில் அதுவும் முடியாது. எண் வெளியே போவது பெரும்பாலும் ஜெராக்ஸ் வழியாகவும், வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ வழியாகவும்தான்.

முத்திரைத்தாள்:
முதலில் இது மோசடியா, பெயர்க் குழப்பமா என்று பாருங்கள். ரிப்போர்ட்டின் கான்டாக்ட் பகுதியில் உங்களுடையதல்லாத மொபைல் எண்ணோ முகவரியோ ஏறியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்கொயரி பகுதியில் எந்தத் தேதியில் எந்த நிறுவனம் உங்கள் பதிவைக் கேட்டது என்றும் இருக்கும். கடன் ஆப் மூலம் வாங்கியிருந்தால் ஆப் பெயர் அங்கே வராது, பின்னால் நின்று கடன் தந்த நிதி நிறுவனத்தின் பெயர்தான் வரும். புகார் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும்.

மெயிலில் மூன்றைக் கேளுங்கள்: கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்களும் செல்ஃபியும், கடன் ஒப்பந்தத்துக்கு ஓடிபி போன மொபைல் எண், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக் கணக்கு. மூன்றாவதுதான் உயிர்நாடி. அந்தக் கணக்கு உங்களுடையதல்ல என்று தெரிந்தால் அவர்கள் வாதம் அங்கேயே நொண்டும்.

அதோடு சைபர் க்ரைம் தளத்தில் புகார் போட்டு ஒப்புகை எண்ணை மெயிலில் சேருங்கள். ஸ்டேஷனில் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீது (புகார் பெற்றதற்கான சான்று) வாங்காமல் வராதீர்கள். சிபில் தளத்தில் டிஸ்ப்யூட் போடும்போது 'ஓனர்ஷிப்' (இந்தக் கடன் என்னுடையதல்ல) வகையைத் தேர்ந்தெடுங்கள். தொகை தவறு என்று போட்டால் கடன் உங்களுடையதுதான் என்றாகிவிடும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு ₹100 உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது ஆர்பிஐ விதி. நிறுவனம் 30 நாளில் பதில் தரவில்லை என்றாலோ கைவிரித்தாலோ ஆர்பிஐயின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

குழப்பவாதி:
நன்றி சார். வசூல் ஆள் போன் பண்ணி, ₹5,000 கட்டினால் மூடிவிடுவோம் என்கிறார். கட்டித் தொலைத்துவிடலாமா?

முத்திரைத்தாள்:
ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். பதிவும் நீங்காது, 'செட்டில்டு' என்று மாறி ஸ்கோரை இழுத்துக்கொண்டே இருக்கும். "இது என் கடன் அல்ல, எழுத்தில் பேசுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

கணக்குப்பிள்ளை:
இன்னும் இரண்டு இடம் பார்த்துவிடுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் இல்லாமலே பான் எண்ணைப் போட்டுத் தேடலாம். ஜிஎஸ்டி எண்ணில் மூன்றாவது இடத்திலிருந்து பத்து இடமும் பான்தான், அதனால் உங்கள் பெயரில் போலிப் பதிவு இருந்தால் தெரிந்துவிடும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்து, தெரியாத எண்ணை 'என்னுடையதல்ல' என்று குறியுங்கள்.

ஆதாரில் பயோமெட்ரிக் லாக் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கைரேகையையும் கண்ணையும் முகத்தையும்தான் பூட்டும், ஓடிபி வேலை செய்யும். ஓடிபியையும் நிறுத்த ஆதார் எண்ணையே பூட்ட வேண்டும். அதற்கு முன் 16 இலக்க விஐடி (ஆதார் எண்ணுக்குப் பதிலாகத் தரும் மெய்நிகர் எண்) எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், திறக்கும்போது அதைத்தான் கேட்கும்.