லெக்சஸ் எல்எஸ் 400 (1990): ஸ்டியரிங் பம்ப் கசிவு, பிரித்துப் பார்த்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். எஞ்சின் 4.0 லிட்டர் வி8, 1யூஇசட்-எஃப்இ. ஜப்பானில் டொயோட்டா செல்சியர் என்று விற்ற அதே கார். இச்சிரோ சுசுகி தலைமையிலான பொறியாளர்கள் 1989-லேயே காற்றுத்தடை எண்ணை 0.29-க்கு இறக்கி, அவ்வளவு சத்தமில்லாமல் ஓட வைத்த வண்டி. அதை நல்லபடியாகக் காப்பாற்ற வேண்டும்.

பழைய சீல் என்பதால் பவர் ஸ்டியரிங் பம்ப் கசிகிறது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அதற்கு நேர் கீழே இருக்கிறது. எண்ணெய் சொட்டிக்கொண்டே இருந்தால் அதன் கார்பன் பிரஷ் கெட்டு சார்ஜ் நின்றுவிடும். பம்ப்பில் இருக்கும் ஐடில்-அப் ஏர் வால்வின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எஞ்சின் வேகம் விழாமல் கூடுதல் காற்று விடும் வால்வு) வாக்யூம் குழாயைக் கழற்றினால் உள்ளே ஈரம். வால்வின் உள்ளே இருக்கும் டயாபிரமும் (மெல்லிய சவ்வு) போயிருக்க வேண்டும். எஞ்சின் அந்த வழியாக எண்ணெயை உறிஞ்சுவதால்தான் வெள்ளைப் புகை என்று நினைக்கிறேன்.

பம்ப்பை இறக்காமல் ஏர் வால்வை மட்டும் மாற்ற முடியுமா? பம்ப்பின் ஷாஃப்ட் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்திருந்தால் புது சீலும் சீக்கிரம் கசியும்; தேய்மானத்தை எப்படிச் சோதிப்பது? இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் டைமிங் பெல்ட், ஐட்லர்கள், டென்ஷனர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்பது எண்ணம். ஸ்டியரிங்குக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) ஊற்றப்படுகிறது. பவர் ஸ்டியரிங் சோலினாய்டின் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு) சிறு வலை வடிகட்டியைச் சுத்தம் செய்தவர்கள் படம் இருந்தால் போடுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.