பழைய லேப்டாப்புக்கு இலவச ஆன்ட்டி வைரஸ்: மூன்றாவதாக எதைப் போடலாம்?

டியூஷன் அக்கா (பழனி):

வணக்கம். வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். லேப்டாப் என் தங்கை மகளுக்குப் பள்ளியில் கொடுத்தது, அவள் கல்லூரி முடித்ததும் என் கைக்கு வந்துவிட்டது. 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. வினாத்தாள் அடிப்பது, மார்க் எழுதி வைப்பது, கரண்ட் பில் கட்டுவது, அவ்வளவுதான் அதற்கு வேலை.

போன புதன்கிழமை எட்டாம் வகுப்பு அறிவியல் வினாத்தாளை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து 32 பிரதி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பென்டிரைவைச் செருகினால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கிறது. மூன்று வருட வினாத்தாள்கள் அதில்தான் இருக்கின்றன, வேறு பிரதி கிடையாது. (திட்டாதீர்கள், நானே என்னைத் திட்டிக்கொண்டுவிட்டேன்.)

இது போதாதென்று வலது மூலையில் '5 வைரஸ் உள்ளது, உடனே புதுப்பிக்கவும்' என்று ஒரு சிவப்புப் பெட்டி வந்து வந்து போகிறது. லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு இலவச ஆன்ட்டி வைரஸ் இருக்கிறது. புதனன்று பக்கத்து வீட்டுத் தம்பி இன்னொன்றும் போட்டுக் கொடுத்தான். இப்போது ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சர்வீஸ் கடையில் 800 ரூபாய், ஃபார்மட்தான் வழி என்கிறார்கள். மூன்றாவதாக எதைப் போட்டால் சரியாகும்?

ஸ்க்ரூ டிரைவர்:

அக்கா, மூன்றாவது வேண்டாம். இருக்கிற இரண்டையும் எடுங்கள்.

ஒவ்வொரு ஆன்ட்டி வைரஸும் நீங்கள் திறக்கிற ஃபைலை முதலில் தான் பார்க்க வேண்டும் என்று வாசலில் நிற்கும். இரண்டு பேர் நின்றால் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். 4 ஜிபி ரேம் பாவம், என்ன செய்யும்? நீங்கள் குடித்த காபிக்குக் காரணம் அதுதான்.

விண்டோஸ் 8 வந்த 2012 முதல் டிஃபென்டர் என்ற ஆன்ட்டி வைரஸ் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து ஒன்றைப் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும், எடுத்தால் தானாக வேலைக்குத் திரும்பும். அதனால் இரண்டையும் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் முதலில் அப்டேட், அப்புறம் 'ஆஃப்லைன் ஸ்கேன்'. லேப்டாப் தானே அணைந்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேட ஆரம்பிக்கும். கால் மணி நேரம் ஆகும், நடுவில் அணைத்துவிடாதீர்கள்.

பென்டிரைவ் விஷயம். அந்த ஷார்ட்கட்டை இனி கிளிக் செய்யவே கூடாது. கிளிக் செய்தால் வைரஸும் ஓடும், உங்கள் ஃபோல்டரும் திறக்கும், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பெரும்பாலும் வினாத்தாள் எங்கும் போயிருக்காது, ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். பென்டிரைவை ரைட் கிளிக் செய்து டிஃபென்டரில் ஸ்கேன் செய்யுங்கள். பிறகு 'வியூ' பகுதியில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்யுங்கள். அப்படியும் தெரியாவிட்டால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக் ஒன்று இருக்கும், அதை எடுங்கள். மங்கலாக உங்கள் ஃபோல்டர்கள் தெரியும். உள்ளே இருக்கும் வேர்டு, பிடிஎஃப் ஃபைல்களை மட்டும் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டு பென்டிரைவை ஃபார்மட் செய்துவிடுங்கள். 800 ரூபாய் மிச்சம்.

இன்னொன்று. அந்தச் சிவப்புப் பெட்டியில் ஓரமாகச் சின்ன எழுத்தில் ஏதாவது வெப்சைட் பெயர் இருக்கிறதா?

மறுப்பவன்:

ஸ்க்ரூ டிரைவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஆனால் டிஃபென்டர்தான் எல்லோருக்கும் என்று முடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நான் பிட்டிஃபென்டர் என்ற வேறொரு ஆன்ட்டி வைரஸின் இலவசப் பதிப்பு வைத்திருக்கிறேன், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்க வேண்டும், மற்றபடி சத்தமில்லாத பிள்ளை.

இலவசம் என்றதும் பாய்வதற்கு முன் யாருடைய பொருள் என்று பாருங்கள். அவாஸ்ட், ஏவிஜி, அவிரா மூன்றும் வேறு வேறு கடை என்று நினைத்திருப்பீர்கள். இப்போது நார்டனோடு சேர்ந்து மூன்றுக்கும் ஒரே முதலாளி, ஜென் டிஜிட்டல். பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதாகச் சொல்லி, 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்டை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. ஜம்ப்ஷாட்டை 2020இலேயே மூடிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்க்ரூ டிரைவர்:

பிட்டிஃபென்டர் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் அக்காவிடம் இருப்பது 4 ஜிபி. ஜெர்மனியில் ஏவி டெஸ்ட் என்று ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. பாதுகாப்பு, வேகம், தொந்தரவின்மை மூன்றுக்கும் ஆறு ஆறு, மொத்தம் 18 மதிப்பெண். டிஃபென்டர் பல முறை முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. அந்தக் காலத்து டிஃபென்டரை வைத்துப் பேசாதீர்கள்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிஃபென்டருக்கு மட்டும் வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் வாட்ச்மேன் விழித்திருந்தாலும் விண்டோஸ் என்ற சுவரில் விழுகிற ஓட்டையை யாராவது அடைக்க வேண்டுமே. அக்கா, அப்டேட் பக்கத்தில் 'நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு' என்ற பொருளில் ஏதாவது கேட்டால் சேர்ந்துவிடுங்கள்.

டியூஷன் அக்கா (பழனி):

தம்பிகளா, முதலில் நன்றி. வினாத்தாள் மொத்தமும் கிடைத்துவிட்டது! சிஸ்டம் ஃபைல் டிக்கை எடுத்ததும் மங்கலாக வந்து நின்றன.

சிவப்புப் பெட்டியின் கதை வெட்கக்கேடு. இரண்டு ஆன்ட்டி வைரஸையும் எடுத்த பிறகும் அது வந்தது. நீங்கள் கேட்டபடி ஓரத்தில் பார்த்தேன், குரோம் என்று இருந்தது, கீழே நான் கேள்விப்படாத ஒரு தளத்தின் பெயர். என் மாணவன் ஒருவன் 'நோட்ஸ் இலவசம்' என்று தேடிப் போன இடத்தில் 'அலவ்' அழுத்தியிருக்கிறான். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதியில் அந்தத் தளத்தை எடுத்தேன், நின்றுவிட்டது. வைரஸே இல்லாத பெட்டிக்குப் பயந்து 1,499 ரூபாய் கட்டுகிற பக்கம் வரை போயிருந்தேன், ஓடிபி வரத் தாமதமானதால் தப்பித்தேன்.

ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டிவிட்டேன். டிஃபென்டரே இருக்கட்டும். ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் என்ன செய்வது? வாரம் இரண்டு முறை போயாக வேண்டும்.

ஸ்க்ரூ டிரைவர்:

வினாத்தாளை பிடிஎஃப் ஆக்கி அவர் வாட்ஸப்புக்கு அனுப்புங்கள் அக்கா. ஆதார் மாதிரி ஏதாவது அனுப்பினால் மட்டும், பிரின்ட் எடுத்ததும் அவர் மெஷினிலிருந்து அழிக்கச் சொல்லி, அழிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.