எஸ் லீக் ஆட்டக்காரரை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

பிடோக் வாசி

போன வாரம் சாங்கி விமான நிலையத்திலிருந்து டாக்சி எடுத்தேன். ஓட்டுநர் மலாய்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைக்கும்போது வலது காலை லேசாக இழுத்து நடந்தார். "என்ன ஆச்சு, பாங்?" என்று கேட்டேன். மலாயில் அண்ணன். "போலா" என்றார். பந்து. அவ்வளவுதான்.

விடுவேனா? பிடோக் வந்து சேர்வதற்குள் கதை வெளியே வந்துவிட்டது. 1996-ல் சிங்கப்பூரின் காற்பந்து லீக்கான எஸ் லீக் தொடங்கிய முதல் ஆண்டிலேயே அவர் தற்காப்பு ஆட்டக்காரர். எந்தக் குழு என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. ஆனால் அந்த எட்டுக் குழுக்களையும் பேருந்து நிறுத்தங்களைச் சொல்வதுபோல் ஒரே மூச்சில் சொன்னார்: கேலாங் யுனைடெட், பாலஸ்டியர் சென்ட்ரல், போலிஸ், செம்பவாங் ரேஞ்சர்ஸ், ஆயுதப்படை, தெம்பனிஸ் ரோவர்ஸ், தியோங் பாரு யுனைடெட், உட்லண்ட்ஸ் வெலிங்டன். இதில் பாதிப் பெயர்கள் இன்று இல்லை. லீக்கின் பெயரே 2018-ல் சிங்கப்பூர் பிரிமியர் லீக் என்று மாறிவிட்டது. அவர் வாயில் இன்னும் எஸ் லீக்தான்.

"முழங்கால் எப்படிப் போனது?" என்றேன். "ஈரான்காரர் ஒருவரைத் துரத்தி ஓடியே தேய்ந்துபோச்சு" என்று சிரித்தார்.

மீட்டர் நின்ற பிறகும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். இப்படி யாரையாவது நீங்களும் பார்த்திருப்பீர்கள். திடலில், பேருந்தில், கோப்பிக் கடையில், எங்கே என்றாலும் சரி. எழுதுங்கள்.

காலாங் சத்தம்

அந்த ஈரான்காரர் யார் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும், வயதானவன் பேச்சைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த லீக் ஆசையால் பிறந்ததில்லை, கோபத்தால் பிறந்தது. அதற்கு முன்பு நமக்குக் காற்பந்து என்றால், மலேசிய மாநிலங்களோடு சிங்கப்பூரும் சேர்ந்து ஆடிய மலேசியக் கிண்ணம். 1994 டிசம்பரில் ஷா ஆலாம் இறுதியாட்டத்துக்கு நண்பர்களோடு பேருந்தில் போனேன். பாஹாங்கை 4-0 என்று வென்றோம், அப்பாஸ் சாட் மட்டும் மூன்று கோல். அந்த ஆண்டு லீக்கும் நமக்கே, கிண்ணமும் நமக்கே. திரும்பி வரும் வழியெல்லாம் கத்தி, உட்லண்ட்ஸ் குடிநுழைவு அதிகாரி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் குரலே எழவில்லை. சில மாதங்களில் எல்லாம் முடிந்தது. டிக்கெட் வசூலைப் பங்கிடுவதில் மலேசியச் சங்கத்தோடு தகராறு. நாம் வெளியே வந்துவிட்டோம். சொந்த லீக் வேண்டும் என்று 1996 ஏப்ரல் 14 அன்று தொடங்கினார்கள்.

நான் முதலில் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். சிலாங்கூரையும் கெடாவையும் எதிர்த்துக் கத்திய வாயால் தெம்பனிசையும் உட்லண்ட்சையும் எதிர்த்துக் கத்துவதா? பக்கத்து புளோக்கோடு சண்டை போடுவது மாதிரி இருந்தது. என்னை மாற்றியது கேலாங் யுனைடெட்தான். ஈரான் தேசியக் குழுவிலிருந்து இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள், ஹமீத் எஸ்டிலி, முகமது காக்பூர். எஸ்டிலி நடுத்திடலில் பந்தை வாங்கித் திரும்பும் விதத்தைப் பார்த்ததும் அடுத்த வாரமும் போனேன், அதற்கடுத்த வாரமும் போனேன். ஆண்டுக் கடைசியில் காலாங் தேசிய விளையாட்டரங்கில் கேலாங்குக்கும் ஆயுதப்படைக்கும் வெற்றியாளர் ஆட்டம். 2-1, கேலாங் வென்றது. அன்றைக்குக் கூட்டமும் பழைய மலேசியக் கிண்ண நாள்களை நினைவுபடுத்தியது.

இனிதான் என் 'சந்திப்பு'. 1998 உலகக் கிண்ணம், பிரான்சின் லியோன் நகரில் ஈரானும் அமெரிக்காவும். நமக்கு விடியற்காலை மூன்று மணி. இரவு முழுக்கத் திறந்திருக்கும் கோப்பிக் கடை ஒன்றில் ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். முதல் பாதி முடியும் நேரம், வலப்பக்கமிருந்து பந்து வருகிறது, ஒருவர் தலையால் முட்டிக் கோல் அடித்துவிட்டு, கண்ணீரோடு கைகளை விரித்து ஓடுகிறார். தேநீர் கலக்குபவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார், "ஏய், நம்ம கேலாங் ஆளு!" எஸ்டிலி. ஈரான் 2-1 என்று வென்றது. உலகமே அதை அரசியல் ஆட்டம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு அது கேலாங்காரர் அடித்த கோல்.

ஜூரோங் 13வது மாடி

ஐயா சொன்னது போன்ற கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிந்த லீக்கில், கோல்காவலர் தம் ஆள்களைத் திட்டுவது மேல்வரிசை வரை தெளிவாகக் கேட்கும்.

என் அனுபவம் அல்பிரெக்ஸ் நீகாத்தா. ஜப்பானில் இருக்கும் அதே பெயர்க் குழுவின் கிளை, 2004-ல் இந்த லீக்கில் சேர்ந்தது. எங்கள் வட்டாரத்தில்தான் பையன்கள் சிலர் தங்கியிருந்தார்கள். மின்தூக்கியில் பார்ப்பேன். இருபது, இருபத்தொரு வயது, கையில் பேரங்காடிப் பை, உள்ளே முட்டையும் வாழைப்பழமும். என் அம்மாவுக்கு அவர்கள் யாரென்றே தெரியாது. "யாரோ ஜப்பான் மாணவர்கள், மரியாதையான பிள்ளைகள்" என்பார். ஒருநாள் ஜூரோங் ஈஸ்ட் அரங்குக்கு அழைத்துப் போனேன். ஆட்டம் முடிந்ததும் பதினொரு பேரும் வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். அம்மா, "இவன் நம்ம லிஃப்ட் பையன்தானே!" என்று எழுந்து கையை ஆட்டினார். அவனும் ஆட்டினான்.

அந்தப் பையன்கள்தான் 2016-ல் இருந்த கிண்ணங்கள் அத்தனையையும் அள்ளினார்கள். 2017-லும் அதே கதை. 2018-ல் லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை.

தோ பாயோ பையன்

அதுதான் பிரச்சினையே, தம்பி. நம் நாட்டு லீக்கை ஜப்பான்காரர்கள் வெல்வார்கள், புருணைக்காரர்கள் வெல்வார்கள் (2015-லும் 2019-லும் டிபிஎம்எம்), நாம் கைதட்ட வேண்டும். சீனாவிலிருந்து ஒரு குழு, கொரியாவிலிருந்து ஒரு குழு, மலேசியாவின் இளையர் குழு, ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களைக் கொண்டு ஒரு குழு. எல்லாம் வந்தன, போயின. சுற்றுலாப் பயணிகளை வைத்து லீக் நடத்த முடியுமா?

இவ்வளவு பேசுகிறேன், ஆனால் என் சிறந்த நினைவும் வெளிநாட்டுக் குழுவால்தான், அதை ஒளிப்பானேன்? 2010-ல் பிரான்சுக்காரர்களின் எத்வால் என்ற குழு வந்தது. வந்த முதல் ஆண்டே லீக்கை வென்றது. அப்போது தோ பாயோ அரங்கில் நான் பந்து எடுத்துப் போடும் பையன். ஆட்டத்தின் நடுவில் மின்னல் எச்சரிக்கை. எல்லாரும் கூரைக்குக் கீழே ஓடினோம். அரை மணி நேரம் மழை நின்றபாடில்லை. அந்தக் குழுவின் ஆட்டக்காரர் ஒருவர் என் பக்கத்தில் சிமெண்ட் படியில் உட்கார்ந்து, "எப்போதும் இப்படித்தானா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஆமாம், எங்கள் ஊரில் நடுவரைவிட மின்னலுக்குத்தான் அதிகாரம்" என்றேன். அவருக்கு என் ஆங்கிலம் எவ்வளவு புரிந்ததோ, சிரித்தார். ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது முதல் பந்தை என் கையிலிருந்து வாங்கி 'மெர்சி' என்றார். பள்ளியில் ஒரு வாரம் அதைச் சொல்லியே திரிந்தேன். அடுத்த ஆண்டோடு அந்தக் குழு லீக்கிலிருந்து விலகிவிட்டது.

தெம்பனிஸ் மகள்

என் அப்பா தெம்பனிஸ் ரோவர்ஸ் பைத்தியம். 2004, 2005 இரண்டு ஆண்டும் லீக் வென்றபோது மஞ்சள் சட்டையைத் துவைக்கவே விடமாட்டார். அதிர்ஷ்டம் போய்விடுமாம். அம்மா அதை ஒரு கம்பில் தொங்கவிட்டு எடுத்துப் போவார்.

பிறகு தெம்பனிஸ் அரங்கை மூடிவிட்டுப் புது நடுவம் கட்டத் தொடங்கினார்கள். குழுவுக்கு வீடில்லை. கிளமெண்டி, ஜூரோங் வெஸ்ட் என்று தீவின் அந்தக் கோடியில் போய் 'சொந்தத் திடல்' ஆட்டம் ஆடினார்கள். அப்பாவும் நானும் பச்சை வழித்தட எம்ஆர்டி-யில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் போவோம். எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினரைப் பார்க்க நாங்கள் இரயில் ஏறிப் போவதுபோல் இருக்கும். பையில் அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம்.

அப்படி ஒரு நாள், அரங்குக்கு வெளியே உயரமான ஒரு மனிதர் குனிந்து, வரிசையில் நின்ற குழந்தைகளுக்கெல்லாம் சட்டையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அலெக்சாண்டர் டூரிச். அவர் கதை தெரியாதவர்களுக்கு: போஸ்னியாவில் பிறந்தவர், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் படகு வலித்தவர். காற்பந்தில் இல்லை, படகில்! இங்கே வந்து, சிங்கப்பூர்க் குடிமகனாகி, 37 வயதில் தேசியக் குழுவுக்கு முதல் ஆட்டம் ஆடி, தஜிகிஸ்தானுக்கு எதிராக இரண்டு கோல் அடித்தார். தெம்பனிஸ் 2011, 12, 13 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றபோது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. ஓய்வு பெற்றது 44 வயதில்.

அப்பா அவரிடம் போய்க் கைகொடுத்து, எனக்கு வெட்கமாகப் போகும்படி, "உங்களுக்கும் எனக்கும் பத்து வயதுதான் வித்தியாசம், எனக்கு மாடிப்படி ஏற முடியவில்லை" என்றார். அவர் அப்பாவின் தொப்பையைத் தட்டிவிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அப்பா கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை ஐந்தரைக்கு நடக்கப் போனார். மூன்று மாதம் போனார்.

2017-ல் நம் தெம்பனிஸ் நடுவம் திறந்து குழு வீடு திரும்பியபோது அப்பா இல்லை. சட்டை இருக்கிறது. துவைத்துவிட்டேன்.

ஹவ்காங் மேளம்

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுத முடியவில்லை.

எங்கள் குழு 1998-ல் மரீன் காசல் என்று சேர்ந்தது. பிறகு செங்காங் மரீன், செங்காங் பொங்கோல், 2011-லிருந்து ஹவ்காங் யுனைடெட். பெயர் மாறும், பட்டியலில் இடம் பெரிதாக மாறாது. நாங்கள் மேளம் அடிப்பதை நிறுத்தியதில்லை. ஒருமுறை கோல் வாங்கிய பிறகும் அடித்துக்கொண்டிருந்தோம், எதிரணி ஆதரவாளர் ஒருவர் வந்து "ஸ்கோர் தெரியுமா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார்.

2022 நவம்பரில் ஜாலான் புசாரில் சிங்கப்பூர்க் கிண்ண இறுதி, மன்னிக்கவும் அக்கா, உங்கள் தெம்பனிசை 3-2 என்று வென்றோம். குழுவின் முதல் கிண்ணம். முடிந்ததும் வேலியருகே ஒரு முதியவர் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தார். மேளத்தைத் தோளிலிருந்து இறக்கி அவர் கையில் குச்சியைக் கொடுத்தேன். மூன்று அடி அடித்தார். தாளம் சுத்தமாக இல்லை.

முன்னாள் பதின்ம ஆட்டக்காரன்

எல்லாரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள். நான் ஒரு குழுவின் இளையர் பிரிவில் மூன்று ஆண்டு இருந்தேன். பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் அண்ணன்மார் கைப்பேசியைத் திறந்து வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு, மூடி, மறுபடி திறப்பார்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஓர் ஆண்டுக்கு. நவம்பர் வந்தால் யாருக்கும் தூக்கம் வராது. குழுக்களுக்கு டிக்கெட்டில் என்ன வரும்? பல குழுக்களின் அடுப்பு எரிந்தது மன்றத்து ஜாக்பாட் இயந்திரங்களால். மேலே ஆடுகளம், கீழே நாணயம் விழும் சத்தம். 1999-ல் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற பந்தய நிறுவனம் காற்பந்துப் பந்தயம் தொடங்கிய பிறகு அரங்குக்கு வந்தவர்களில் சிலர் எந்தக் குழுவுக்குக் கத்துகிறார்கள் என்றே சொல்ல முடியாது, கையிலிருக்கும் சீட்டுக்குக் கத்துவார்கள்.

ஒன்பது முறை லீக் வென்ற ஆயுதப்படை, பின்னால் வாரியர்ஸ் என்று பெயர் மாறியது, அதுவே 2020-ல் ஆடவில்லை. அப்படியிருக்க என் போன்றவன் எம்மாத்திரம்? தேசிய சேவை முடிந்து தளவாடக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே என் மேற்பார்வையாளர் யார் தெரியுமா? நான் சின்ன வயதில் சுவரில் படம் ஒட்டி வைத்திருந்தவர். முதல் நாள் 'கோச்' என்று கூப்பிட்டுவிட்டேன். "இங்கே ஃபோர்க்லிஃப்ட் மட்டும்தான்" என்றார்.

ஜூரோங் 13வது மாடி

இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது, அண்ணா. 2020-ல் ஹோம் யுனைடெட் தனியார் கைக்குப் போய் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. 2025 மே மாதம் ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டமே பீஷான் அரங்கில் நடந்தது. நானும் இருந்தேன். ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா குழுவுக்கு எதிராகக் கடைசி நிமிடத்தில் நம் செய்லர்ஸ் ஆட்டக்காரர் லெஸ்டியென் சமன் செய்தபோது முன்பின் தெரியாத ஒரு சீன மாமா என்னைத் தூக்கிவிட்டார். இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்தில் அவர்கள் இன்னொன்று அடித்துவிட்டார்கள், 2-1. இருவரும் ஒன்றும் பேசாமல் ஒரே இரயிலில் போனோம்.

பிடோக் வாசி

டாக்சி பாங்கிடம் எண் வாங்கி வைத்திருந்தேன். நேற்று அழைத்து, இங்கே வந்ததையெல்லாம் மலாயில் சொன்னேன். எஸ்டிலி பெயரைக் கேட்டதும், "ஆமாம், அவரேதான்" என்றார். கோப்பிக் கடைக் கதைக்கு நன்றாகச் சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு தடவை நான் அவர் காலிலிருந்து பந்தைப் பறித்திருக்கிறேன். அதையும் போடச் சொல்லு" என்றார்.

போட்டுவிட்டேன், பாங்.