மறுமொழி: ரப்பர் புஷ்ஷுக்குச் சும்மாடு பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ரப்பர் புஷ்ஷும் தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாடும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வளையமாக இருந்து பாரத்தை வாங்கிக்கொள்கின்றன. 'சும்மாடு' என்றே வைத்துவிடலாமே?

கார் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலில் போன வாரம் ஒருவர் எழுதிய இதைப் படித்ததும் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டு வாசலில் அப்பாவின் பழைய மாருதி 800-இன் முன்பக்கத்தைப் பிரித்து லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கீழ்க்கை) புஷ், ஸ்ட்ரட் மவுண்ட், டை ராடு எண்ட் (சக்கரத்தைத் திருப்புகிற கம்பியின் முனை) எல்லாம் மாற்றினேன். பொருளைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு, சும்மாடு அருமையான சொல்தான், ஆனால் அது உட்கார வேண்டிய இடம் புஷ் இல்லை என்று தோன்றுகிறது.

புஷ்ஷை எடுத்துப் பாருங்கள். நடுவில் சிறிய இரும்புக் குழல், அதை இறுகப் பிடித்தபடி ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் அந்தக் குழல் இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவே சிக்கி அசையாமல் நின்றுவிடுகிறது. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஆர்ம் மட்டும் திரும்புகிறது. இடையில் மாட்டிய ரப்பர் ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு, பிறகு தன் நிலைக்கு வந்துவிடுகிறது. எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை.

இதனால்தான் சக்கரம் தரையில் படாமல் வண்டி ஜாக் ஸ்டாண்டின்மேல் நிற்கும்போது அந்த போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது. கையால் திருகி மாட்டிவிட்டு, சக்கரம் தரையில் பதிந்து பாரம் முழுதும் இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. அந்தரத்தில் இறுக்கிவிட்டால், கீழே இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். எங்கள் வண்டிக்கு முன்பு ஒரு பட்டறையில் மாட்டிய புஷ் ஒரே வருடத்தில் போய்விட்டது. கழற்றிப் பார்த்தேன். விரிசல்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஓடியிருந்தன. அந்த ரப்பரைப் பார்த்தவர்களுக்குச் சும்மாடு நினைவுக்கு வராது. சும்மாடு அமுங்கும், முறுக்கிக்கொள்ளாது.

ஸ்ட்ரட் மவுண்டுக்கு வாருங்கள். ஸ்ட்ரட் என்பது சுருள்வில்லோடு நிற்கிற தாங்கி. அதை ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். கால் சக்கரத்தருகே, தலைமேல் வண்டியின் உடல். தலைக்கும் சுமைக்கும் நடுவே இருக்கிற ரப்பர்தான் மவுண்ட். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பழையது நடுவில் அமுங்கிச் சப்பையாகிப் போயிருந்தது, நாள் முழுக்கக் கல் சுமந்தவர் எடுத்து வைத்த சும்மாட்டைப் போலவே. இதற்குச் சும்மாடு என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. (ஒரு வார்த்தை: சுருள்வில்லை அதற்குரிய கருவியால் அமுக்கிப் பிடிக்காமல் மேல் நட்டைத் தொடவே கூடாது. வில் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.)

சரி, புஷ்ஷுக்கு என்ன? 'பூண்' என்று ஒருவர் சொல்லியிருந்தார். உலக்கைக்குப் பூண் வெளியே போடுவது, இது ஓட்டைக்கு உள்ளே போவது. 'முறுக்குறை' (முறுக்கு + உறை) என்பது வேலையைச் சரியாகச் சொல்கிறது, ஆனால் கண் முதலில் 'குறை' என்று படித்துவிடுகிறது. பழுதுபார்க்கும் கையேட்டில் அப்படி ஒரு சொல் இருந்தால் படிக்கிறவர் தடுமாறுவார்.

என் பரிந்துரை 'நெகிழுறை'. நெகிழ்ந்து கொடுக்கிற உறை. ஸ்டார்ட்டர் மோட்டாரில் வெண்கல புஷ் ஒன்று இருக்கிறதே, அதில் தண்டு வழுக்கிச் சுழல்கிறது. அதைச் 'சுழலுறை' எனலாம். ஆங்கிலத்தில் இரண்டும் புஷ்தான். டச்சு மொழியில் பெட்டி, டப்பா என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது, வடிவத்தை மட்டும் பார்த்து வைத்த பெயர். நாம் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தால் எதற்கு எண்ணெய் போடலாம், எதற்குப் போடக் கூடாது என்பதுகூடப் பெயரிலேயே தெரிந்துவிடும். சுழலுறைக்கு எண்ணெய் வேண்டும். நெகிழுறையில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் ரப்பர் ஊதிக் கெடும். வைஸில் வைத்து அழுத்தி ஏற்றும்போது நான் சோப்புத் தண்ணீர்தான் தடவினேன்.

டை ராடு எண்டில் இருக்கிற பால் ஜாயின்ட்டைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. தோள்மூட்டுக்கும் இடுப்பு மூட்டுக்கும் பள்ளிப் பாடத்தில் 'பந்துக் கிண்ண மூட்டு' என்றே படித்திருக்கிறோம். சுருக்கிப் 'பந்துமூட்டு' என்றால் போதும்.

ஆனால் சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே குலுக்கலை வாங்கிக்கொள்கிற சஸ்பென்ஷனுக்கு 'இடைநீக்கம்' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துவோம். ஊழியரை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதற்கான சொல் அது. இயந்திர மொழிபெயர்ப்பு அதைக் காருக்கும் போட்டுவிடுகிறது, நாமும் அப்படியே ஒட்டுகிறோம். 'தொங்கல்' என்பதும் எனக்கு உவப்பில்லை. பழைய குதிரை வண்டிகளில் பெட்டியைத் தோல்வாரில் தொங்கவிட்டார்கள், அதற்குச் சரி. காரின் உடல் தொங்கவில்லை, வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை வில் வைத்த மாட்டு வண்டியை நம் ஊரில் 'வில்வண்டி' என்றார்கள், வில் இல்லாதது கட்டை வண்டி. இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 'வில்லமைப்பு' என்று வைப்போம். காற்றடைத்த வகை வந்தாலும் 'காற்றுவில்' என்று அது இடம் கொடுக்கும்.

எழுதிப் பார்த்தேன்: "முன் வில்லமைப்பில் கீழ்க்கையின் நெகிழுறை கிழிந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்." தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறது. பட்டறையில் புஷ் என்றே சொல்வார்கள், அதில் தவறில்லை. எனக்குக் கவலை எல்லாம் ஐடிஐ மாணவர் கையில் போகிற புத்தகத்தைப் பற்றித்தான்.

சுழலுறையில் மட்டும் எனக்குப் பிடிவாதம் இல்லை. மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடத்துக்குள் அச்சு உராயாமல் இருக்க இரும்புக் குழல் ஒன்று அடிப்பார்கள். வண்டித் தச்சர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அதற்கு என்ன பெயர் சொல்கிறார் என்று கேட்டு எழுதுங்கள். நல்ல சொல் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.