தாமரையில் நிற்காத அம்மனை வரையலாமா?

செவ்வரளி, ஜார்ஜ் டவுன்
நவராத்திரிக்கு ஒரு சின்ன ஓவியக் கண்காட்சி வைக்கப் போகிறேன். முதல் படம் கொற்றவை, பழந்தமிழரின் போர்த் தெய்வம். பாலை நிலத்தில் இல்லை, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியாத நேரம், நெற்றியில் விளக்கு, எட்டுக் கைகள். ஒன்றில் மரம் சீவும் கத்தி, ஒன்றில் பால் வாளி, ஒன்றில் குழந்தை, இப்படிப் போகிறது. பென்சிலில் போட்டதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா "சாமிக் குத்தம்" என்றார். தோழி ஒருத்தி "ஐயோ, மறுபடியும் சக்தியா?" என்றாள். இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை, காரணம்தான் வேறு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மணியோசை, குயின் ஸ்ட்ரீட்
நான் பெரியம்மா கட்சி. எங்கள் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-ல் எழும்பியது. அதற்குப் பிறகு இந்தப் பினாங்குத் தீவில் என்னென்னவோ மாறிவிட்டது. சன்னதிக்குள் போனால் அம்மன் அம்மனாகவே இருக்கிறாள். எந்தக் கையில் என்ன என்பதற்கு, உருவத்தை வருணிக்கும் தியான சுலோகம் உண்டு, சிற்ப சாஸ்திரம் உண்டு. ஸ்தபதியே இஷ்டத்துக்கு மாற்ற மாட்டார். தோட்டத்துப் பெண்ணைத் தாராளமாக வரையுங்கள், யார் தடுத்தது? அதற்கு ஏன் அம்மன் பெயர்?

மழைக்காடு, பிரிக்ஃபீல்ட்ஸ்
சாமிக் குத்தமெல்லாம் எனக்குப் பிரச்சினை இல்லை. எட்டுக் கைதான் பிரச்சினை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் கணினி, இடுப்பில் பிள்ளை. மார்ச் 8, மகளிர் தினம் வந்தால் வாட்ஸ்அப்பில் வந்து விழும் படம் இதுதானே? நீங்கள் கணினியை எடுத்துவிட்டு வாளியை வைத்திருக்கிறீர்கள். என் பாட்டி மரம் சீவியவர். அவருக்கு இரண்டு கைதான். இருட்டோடு எழுந்து சமைத்து, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய், சீவி, பால் எடுத்து, வீட்டுக்கு வந்து மறுபடியும் சமைத்தார். அதைச் சக்தி என்று புகழ்ந்துவிட்டால், தாத்தா ஏன் அரிசி களையவில்லை என்று யாருமே கேட்க மாட்டார்கள்.

செவ்வரளி
மணியோசை அண்ணா, அம்மன் எங்கே அப்படியே இருந்தாள்? மாமல்லபுரத்தையே பாருங்கள். மகிஷாசுரமர்த்தினி குகையில் சிங்கத்தின்மேல் வில்லோடு வருகிறாள். மகிஷன் இன்னும் சாகவில்லை, கதாயுதத்தோடு பின்வாங்குகிறான். அதே ஊரில் திரிமூர்த்தி குகைப் பக்கம் வந்தால் போர் முடிந்து எருமைத் தலைமேல் நிற்கிறாள். நம் வீட்டுப் பூஜையறை லட்சுமி முகம் மட்டும் எத்தனை காலத்தது? ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு வீடு வீடாகப் போன முகம் அது. அப்புறம் கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு வழி வந்த காலண்டர்கள்.

என்னை வரைய உட்கார வைத்ததே சிலப்பதிகாரத்து வேட்டுவ வரிதான். எயினர் என்ற வேட்டுவர்கள் தங்கள் குலத்துக் குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்கிறார்கள். பிறைநிலாவாகப் பன்றிக் கொம்பு, கழுத்தில் புலிப்பல் தாலி, இடையில் விலங்குத் தோல், ஏறி வரக் கலைமான். காட்டில் கிடைத்ததை வைத்து, கண்ணெதிரே நின்ற பெண்ணையே தெய்வமாக்கினார்கள். நான் தோட்டத்தில் கிடைத்ததை வைத்துச் செய்கிறேன்.

மணியோசை
சிலப்பதிகாரத்தை இழுத்தது நல்லதாகப் போயிற்று. பன்றிக் கொம்பை அவர்கள் சும்மா செருகவில்லை, பிறையாகச் செருகினார்கள். வைத்த பொருள்தான் மாறியது, இலக்கணம் மாறவில்லை. ரவிவர்மாவும் அதேதான். சேலையும் முகமும் அவருடையவை. தாமரையும் யானையும் பார்ஹுத், சாஞ்சி என்ற பழைய பௌத்தத் தூபிகளின் காலத்திலேயே லட்சுமியோடு இருக்கின்றன. உங்கள் பால் வாளி எதன் இடத்தில் நிற்கிறது? அதைச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

தண்ணீர்மலை வாசி
எல்லாரும் கையையே எண்ணுகிறீர்கள், பின்னால் நிற்கிற மரத்தை யாரும் பார்க்கவில்லை. அது அமேசான் காட்டு மரம். 1877-ல் சிங்கப்பூருக்கு 22 நாற்றாக வந்தது. பிற்பாடு அதைச் சீவத்தான் நம் ஆட்களைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். தோட்டத்துக் கோயில்கள் பலவும் மரத்தடியில் ஒரு கல், ஒரு சூலம், மஞ்சள் துணி என்றுதான் ஆரம்பித்தன. சிலையும் கோபுரமும் பிறகு வந்தவை.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் பக்கத்துத் தாவரவியல் தோட்டத்துக்கும் ஒரு நடை போங்கள். 1884-லிருந்து இருக்கிறது. அங்கே நாகலிங்க மரம் உண்டு. நாகம் குடை பிடிக்க நடுவில் லிங்கம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறோமே, அதுவும் தென் அமெரிக்க மரம்தான். நம் ஆள் பூவுக்குள் பார்த்தான், சிவன் தெரிந்தார், அவ்வளவுதான். எந்தச் சுலோகத்தில் இருந்தது அது? செம்பருத்தி காளிக்கு உகந்தது. நம் மலேசியாவுக்கு அதுவே 1960 முதல் தேசிய மலர். இங்கே முளைத்ததை வரையுங்கள் தங்கச்சி. பட்டையில் சரிவாக இறங்கும் அந்த வெட்டு, அதில் வடியும் பால். அதுவே தாய்தான், தனியாக அம்மன் வேண்டுமா?

மழைக்காடு
தண்ணீர்மலை அண்ணே, கீறினால் பால் வருகிறது, அதனால் தாய் என்கிறீர்கள். எனக்கு இதுதான் பயம். இயற்கையும் பெண்ணும் ஒன்று என்று பாடும்போதெல்லாம் இரண்டு பேரையும் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறோம். தினமும் கீறச் சொன்னது யார், அந்தப் பால் யாருக்குப் போனது? கொற்றவை யாருக்கும் வாரி வழங்கியவள் இல்லை, பலி கேட்டு வாங்கியவள். அந்தக் கோபத்தை வரைவதாக இருந்தால் செவ்வரளிக்கு என் ஓட்டு.

பட்டர்வொர்த் கப்பல்காரன்
சண்டைக்கு நடுவில் ஒரு வார்த்தை. நவராத்திரியும் சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் பெரும்பாலும் ஒட்டித்தான் வரும். எங்கள் வரிசையில் இரண்டு பக்கத்து வீட்டிலும் அப்போது சைவம். ஆயர் ஈத்தாம் கெக் லோக் சி பௌத்தக் கோயிலில் கருணைத் தெய்வம் குவான் யின் வெண்கலச் சிலையாக 30 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறாள். என் அம்மா அங்கே போனாலும் "தாயே" என்றுதான் கும்பிடுவார். கையில் என்ன இருக்கிறது என்று கேட்டதே இல்லை.

செவ்வரளி
மணியோசை அண்ணா, பினாங்கில் வளர்ந்து சென்னையில் ஓவியம் படித்த சையத் தாஜுதீன் ராமாயணத்தை வரைந்தார். கலைக்கூடத்துச் சீதைக்கு யாரும் அர்ச்சனைச் சீட்டு வாங்குவதில்லை. கோயில் இலக்கணம் கோயிலுக்கு.

இருந்தாலும் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். எட்டுக் கையை இரண்டாக்கிவிட்டேன், குழந்தை இல்லை. வாளி தரையில் கவிழ்ந்து கிடக்கிறது. கத்தி, சூலத்தின் இடத்தில். நெற்றி விளக்கு, கொற்றவையின் நெற்றிக் கண்.

மணியோசை
நெற்றி விளக்கு பிரமாதம், அதை ஒப்புக்கொள்கிறேன். கத்தி சூலமாகாது. கவிழ்ந்த வாளி நவராத்திரிக்கு வேண்டாத அமங்கலம். படத்தின் கீழே "கொற்றவை" என்று இருந்தால் நான் வர மாட்டேன். "தோட்டத்துப் பெண்" என்று போடுங்கள், குடும்பத்தோடு வருகிறேன்.

மழைக்காடு
"தோட்டத்துப் பெண்" என்று போட்டால் நான் வர மாட்டேன். என் பாட்டிக்குப் பெயர் இருந்தது. செக் ரோலில்கூட, தோட்டத்து ஆள் பதிவேட்டில், எழுதியிருந்தார்கள்.

செவ்வரளி
பெயர்ப்பலகை அடிக்க வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. வாளி விஷயத்தில் வேறு யாராவது?