மறுமொழி: அடிக்கட்டையை அரைத்தபின் மிஞ்சுவது மரச்சீவலா, கட்டைத்துருவலா?

அன்பு நண்பர்களே, வணக்கம். மரத்தை வெட்டியபின் நிலத்தில் நிற்கும் அடிக்கட்டையை இயந்திரத்தால் அரைக்கும்போது குவிவதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு ஒரு நண்பர் இப்படி எழுதியிருந்தார்:

> "மரச்சீவல்" என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறு ஒரு பொருளாகப் புரியும், அதுதான் சிக்கல். சீவல் என்றதும் இழைப்புளியிலிருந்து மெல்லிசாகச் சுருண்டு விழுவதுதான் கண்முன் வருகிறது. அடிக்கட்டையை அரைக்கும் இயந்திரம் எதையும் சீவுவதில்லை. பல் பதித்த சக்கரம் சுழன்று கட்டையைக் கடித்துக் கடித்துத் தரைமட்டத்துக்குக் கீழே 15 முதல் 30 செ.மீ. வரை இறங்குகிறது. வெளியே வந்து குவிவது தூளும் நார் பிய்ந்த துண்டுகளும் வேர்த்துணுக்கும் மண்ணும் சேர்ந்த கலவை. கிளைகளை நறுக்கும்போது கிடைக்கும் மண் படாத துண்டுகளுக்கு 'மரச்சிராய்' இருக்கட்டும், இது அதுவும் அல்ல.

என் பரிந்துரை 'கட்டைத்துருவல்'. துருவு, துருவி, துருவல் என்று வினை, கருவி, பொருள் மூன்றும் ஒரே வேரில் கிடைத்துவிடுகின்றன. இயந்திரத்தைக் கட்டைத்துருவி என்று சொல்லிவிடலாம். துருவுதலுக்குக் குடைதல் என்ற பொருளும் உண்டு. துருவித் துருவிக் கேட்கிறான் என்கிறோமே, அப்படி உள்ளே இறங்கிக் குடைவதைத்தான் அந்தச் சக்கரமும் செய்கிறது. இரும்புத் துருவோடு குழம்பாதா என்று கேட்கலாம். 'கட்டை' முன்னால் நிற்பதால் குழம்பாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், முன்பு ஒரு குறிப்பில் நானே இதை 'மரத்தூள் உரம்' என்று எழுதிவிட்டேன். அதைப் படித்த நண்பர் குவியலை அப்படியே மண்ணில் கொத்திவிட்டு நாற்று நட்டார், இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. உரம் என்ற ஒரு சொல் செய்த வேலை அது. மரத்தில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. நன்றாக மக்க ஏறத்தாழ 30க்கு 1 என்ற விகிதம் வேண்டும், மரத்திலோ அது சில நூறுக்கு 1. அதனால் நுண்ணுயிர்கள் பற்றாக்குறைக்கு மண்ணிலிருக்கும் தழைச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. இதைத் 'தழைச்சத்து இழப்பு' என்று எழுதுவதும் தவறு, அது எங்கும் போய்விடவில்லை, மக்கி முடிந்தபின் திரும்பி வரும். 'தழைச்சத்து முடக்கம்' என்பதே சரி.

துருவலை மண்ணின் மேலே பரப்புவதற்கு 'மூடாக்கு' என்ற நல்ல சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டாம். 5 முதல் 10 செ.மீ. கனம் போதும், அடிமரத்தை ஒட்டாமல் இடைவெளி விட வேண்டும். மேலாகக் கிடந்தால் முடக்கமும் மண்ணைத் தொடும் இடத்தோடு நின்றுவிடும். ஆனால் துருவலில் மண் கலந்திருப்பதால் களை முளைக்க வாய்ப்புண்டு, மரச்சிராயிடமிருந்து இதைப் பெயரால் பிரிக்க இன்னொரு காரணம். நோய் கண்ட மரத்தின் துருவலை மற்ற மரங்களின் அடியில் போடவே கூடாது. பச்சைத்தழை, சாணத்தோடு சேர்த்து மக்கவைப்பதற்கும் தனிச்சொல் தேவையில்லை, கலப்பு மக்கு என்றால் போதும்.

அப்புறம், இன்னும் முடியாத ஒன்று. அடிக்கட்டை இருந்த குழியில் துருவலையே போட்டு மூடினால் அது மக்க மக்க நிலம் தாழ்ந்து பள்ளமாகிறது, மறுபடி மறுபடி மண் கொட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் தாழ்வை 'அமுக்கம்' என்றால் யாரோ அமுக்கியதுபோல் ஆகிறது, 'அமிழ்வு' தண்ணீரை நினைவூட்டுகிறது. பேச்சில் "மண்ணு இறங்கிடுச்சு" என்பார்கள், அதிலிருந்து 'மண்ணிறக்கம்' என்று எடுக்கலாமா? லாரியிலிருந்து மண் இறக்குவதோடு குழம்புமோ என்ற தயக்கம் மட்டும் இருக்கிறது. உங்கள் பக்கம் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள்.