பிரேக் ஹோஸ்: உருக்குக் குழாயா, நெகிழ்குழாயா?

அன்பின் நானாவுக்கு,

பிரேக் ஹோஸுக்குத் தமிழ்ப் பெயராக நீங்கள் முன்வைத்த 'துருவிலி (ஸ்டெயின்லெஸ்) உருக்குக் குழாய்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லோடு கல்லடியில் ஒரு கராஜுக்குப் போனால் வேறு சாமானைத்தான் எடுத்து நீட்டுவார்கள். காரின் அடிப்பக்கத்தை ஒட்டிப் போகும் விறைப்பான பிரேக் பைப் ஏற்கெனவே உருக்குதானே! நாம் பெயர் தேடுவது, அந்தப் பைப் முடிகிற இடத்திலிருந்து சக்கரத்தில் பிரேக்கை இறுக்கும் கலிப்பர் வரை தொங்கும் முழ நீளத் துண்டுக்கு. சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்கும். ஸ்டியரிங்கை ஒடித்தால் பக்கம் திரும்பும். எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுப்பதே அதன் வேலை. மெக்கானிக்குகள் பைப் வேறு, ஹோஸ் வேறு என்று தெளிவாகப் பிரித்துத்தான் பேசுகிறார்கள். ஆகவே ஹோஸுக்கு 'நெகிழ்குழாய்' என்பேன்.

என் காரிலிருந்து கழற்றிய பழைய ஹோஸைக் கத்தியால் நெடுகப் பிளந்து பார்த்தேன். உள்ளே இறப்பர், நடுவில் நூலடுக்கு, வெளியே மறுபடி இறப்பர். உட்சுவர் வீங்கித் துளை ஊசிக்கண் அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மிதிக்கும்போது பிரேக் எண்ணெய் முண்டியடித்துக்கொண்டு போய்விடுகிறது. காலை எடுத்த பின் திரும்பி வர வழியில்லை. இடது சக்கரம் இறுகியே நின்றதன் காரணம் அதுதான்.

நீங்கள் சொன்ன 'உருக்கு' வகை ஹோஸிலும் எண்ணெய் உருக்கைத் தொடுவதில்லை. உள்ளே ஓடுவது டெஃப்லோன் குழல். உருக்குக் கம்பி அதன் மேல் போட்ட சட்டை மட்டுமே. அழுத்தத்தில் குழல் உப்பாமல் சட்டை பிடித்துக்கொள்வதால் மிதி கெட்டியாக இருக்கும். ஆனால் உள்ளே என்ன பழுது என்பதையும் அதே சட்டை மறைத்துவிடும். கம்பி இடுக்கில் கடற்கரை மணல் புகுந்தால் குழலை அராவும். மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். கல்முனைக்கும் வீட்டுக்குமாக ஓடும் என் காருக்குப் புதிய இறப்பர் ஹோஸே போதும் என்று அதையே மாட்டிவிட்டேன். உருக்குச் சட்டை போட்டதை 'நெய்யுறை நெகிழ்குழாய்' எனலாமா?

*

அன்பின் தம்பி,

நெகிழ்குழாய் சரி, என் சொல்லை விட்டுவிடுகிறேன். ஆனால் 'நெய்யுறை' என்றால் நெசவுக்குப் பேர்போன எங்கள் மருதமுனையில் சிரிப்பார்கள். நெய் தடவிய உறையோ என்று கேட்பவர்களும் இருப்பார்கள். பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால்தான் எங்களுக்கு நெசவு. ஹோஸின் கம்பிகள் இரு பக்கமிருந்தும் சாய்வாகச் சுற்றி வந்து, ஒன்றன் மேலும் கீழுமாக ஏறி இறங்குகின்றன. அது பெண்பிள்ளைகளின் சடையைப் போலப் பின்னல். தறிக்கு அங்கே வேலையில்லை.

'பின்னுறை' என்று சுருக்கவும் வேண்டாம். நூலின் கடைசியில் வரும் பின்னுரை என்று வாசித்துவிடுவார்கள். ஓர் எழுத்துக் கூடினாலும் 'பின்னலுறை நெகிழ்குழாய்' என்றே வைத்துக்கொள்வோம். மற்றது 'இறப்பர் நெகிழ்குழாய்'.

'துருவிலி'யையும் நானே எடுத்துவிடுகிறேன். கடற்காற்றில் எங்கள் வீட்டு கேற்றின் துருவிலிப் பிடியில் இப்போதே பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன.